ஞானப்பல்லைக் கழட்டப் பயமா?

பல்லுக்குத்து வந்தால் எம்மவர்கள் முதலில் தேடுவது கராம்பு. அடுத்தது புகையிலைத் துண்டு. வைத்தியசாலை கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வரும். "மேல் பல்லைக் கழட்டினால் கண் தெரியாமப் போயிடும்" எண்டு பயந்தே நாட்களைக் கடத்திவிடுகிறோம். பளை, இயக்கச்சிப் பக்கத் தென்னந்தோட்டங்களிலும் இந்தப் பேச்சு உண்டு.

ஞானப்பல் என்பது 17 முதல் 25 வயதளவில் கடைசியாக முளைக்கும் கொடுப்புப் பல். தாடையில் இடம் போதாவிட்டால் அது சரிந்து, பாதி முரசுக்குள்ளேயே நின்றுவிடும். அந்த மடிப்புக்குள் சாப்பாடும் கிருமியும் தங்க, வீக்கமும் நோவும் வரும். கராம்பும் பனடோலும் நோவைக் கொஞ்சம் குறைக்கும், கிருமியை அகற்றா. புகையிலையோ வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைக் கழட்டுவதால் கண் போகாது. கிருமி பரவுவதுதான் ஆபத்து. வாய் திறக்க முடியாமை, நாடிக்குக் கீழே வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

எல்லா ஞானப்பல்லையும் கழட்டத் தேவையில்லை. நோயில்லாத பல்லைச் சும்மா எடுக்க வேண்டாமென்று இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டிலேயே வழிகாட்டல் வெளிவந்தது. பல் வைத்தியர் எக்ஸ்ரே பார்த்துத் தீர்மானிப்பார். புதைந்த பல்லென்றால் விறைப்பூசி போட்டு, முரசைக் கீறி, தேவையானால் பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். அழுத்துவது தெரியும், நோவு தெரியாது. அநேகர் அன்றே வீடு திரும்பலாம்.

சிலருக்கு உதடோ நாக்கோ கொஞ்சக் காலம் விறைத்திருக்கும். மிகச் சிலருக்கு அது மாறாமலும் விடலாம். ஆகவே கையெழுத்து வைக்க முன் "எனக்கு என்ன செய்யப் போறீங்கள்?" எண்டு கேளுங்கள். நீரிழிவு, பிரஷர், இருதய நோய், கர்ப்பம், குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த டொக்டர் கிறீன், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். நாங்கள் தமிழில் விளக்கம் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

பல் எடுத்த பின்:

* பஞ்சுத் துணியை அரை மணித்தியாலம் கடித்திருங்கள்.
* அன்று முழுக்க வாய் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ வேண்டாம். இரத்தக்கட்டி கழன்றால் புண் ஆறாது.
* ஆறிய கஞ்சி, மசித்த சோறு சாப்பிடுங்கள்.
* வெற்றிலை, சுருட்டு, பீடி, சாராயம் தொடவே வேண்டாம்.
* மறுநாள் முதல் இளஞ்சூட்டு உப்புநீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் இருந்து வற்றும். அதன் பிறகும் நோவு கூடினால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் காசில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டினால், தேவையானவர்களைத் துண்டு எழுதி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று பார்க்கிறோம். கிருமி கழுத்துக்கு இறங்கினால் போவது ஒரு நாள் சம்பளம் மட்டுமல்ல.