ஓவியத்தின் முதுகுக்கு ஓர் அட்டை

வான்கோ 1889-இல் தீட்டிய 'சூரியகாந்திப் பூக்கள்' இனி வெளியூர் போகாது என்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம் 2019-இல் அறிவித்தது. ஓவியம் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அதிர்வையும் ஈரப்பத மாற்றத்தையும் அந்தப் பூச்சு தாங்காது என்று அதை ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி கைதவறி விழுந்துவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறோம். மணிக்கணக்கில் ஓடும் லாரியின் நடுக்கத்துக்கும் அதே அளவு பயப்பட வேண்டும்.

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ், தோல் கட்டிய பறை மாதிரி. அளவு, எடை, இழுவிசை ஆகியவற்றைப் பொறுத்து அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. ஓவியம் பெரிதானால் அந்த எண் பொதுவாகக் குறையும். லாரியின் குலுக்கலிலும் மெதுவான அதிர்வுகளே அதிகம். இரண்டும் ஒத்துப்போனால், பள்ளியில் படித்த அதே ஒத்ததிர்வுதான்: சட்டம் துளி அசைந்தாலே துணியின் நடுப்பகுதி பல மடங்கு முன்னும் பின்னும் வீசும். துணி வளைந்து கொடுக்கும். அதன்மேல் பல காலமாகக் காய்ந்து இறுகிய வண்ணம் வளையாது. பழைய விரிசல் ஒன்றின் ஓரம் மெல்ல எழும்பும். ஒருநாள் செதிலாக உதிரும். குளிரில் வண்ணம் இன்னும் எளிதில் நொறுங்கும்.

சுருட்டி எடுத்துப்போனால் தப்பிக்குமா? ஏழே முக்கால் மீட்டர் நீளமுள்ள பிக்காசோவின் 'குவெர்னிகா'வை 1937-க்குப் பிறகு அப்படித்தான் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். சுருட்டி விரித்ததில் விழுந்த விரிசல்கள் இன்றும் அதில் இருக்கின்றன. மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் அதை இப்போது யாருக்கும் இரவல் தருவதில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பயணம் போயே தீர வேண்டிய ஓவியத்துக்கு மலிவான ஒரு காவல் உண்டு. சட்டத்தின் பின்புறம் முழுவதையும் மூடி ஒரு கெட்டி அட்டையைத் திருகிவிடுவார்கள். அட்டைக்கும் துணிக்கும் நடுவே சிக்கும் காற்று, துணி வீசி ஆடுவதை அடக்கிவிடும். பெட்டிக்குள் ஃபோம் வைப்பதில்தான் கணக்கு தேவை. ஓவியத்தின் எடைக்கு அது மிகக் கெட்டியாக இருந்தால் குலுக்கலை அப்படியே உள்ளே கடத்தும். பொருத்தமில்லாத ஃபோம் சில அதிர்வுகளைப் பெருக்கியும் விடும். ஃபோமை அடைத்து வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு.

வீடு மாறும்போது உங்கள் கேன்வாஸ் ஓவியத்தையும் இப்படியே பாருங்கள். பின்புறம் துணியில் படாமல் அட்டை பொருத்துங்கள். வண்ணத்தின்மேல் பபிள் ஷீட்டை நேராகச் சுற்றாதீர்கள், தடம் பதியும். படுக்க வைக்காமல், வண்டி போகும் திசைக்கு இணையாக நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள்.