பாத்ரூமுக்கு முதல் செலவு

கையில் மூவாயிரமோ நாலாயிரமோ இருக்கிறது, பழைய பாத்ரூமைக் கொஞ்சம் அழகாக்க வேண்டும் என்று கேட்பவர்கள், டைல்ஸ் ஸ்டிக்கர், செயற்கைப் புல், பூப்போட்ட திரை என்று ஏற்கெனவே மனதில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அது இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பேசுவோம்.

1990களில் கட்டிய சென்னை அடுக்ககம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 5 அடிக்கு 7 அடி பாத்ரூம், வெளிர்நீல டைல்ஸ், போர் தண்ணீர். சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் டைல்ஸுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. மேலே உப்பு படிந்திருக்கும், டைல்ஸுக்கு இடையில் ஓடும் கோடு கறுத்திருக்கும். அவ்வளவுதான். பாத்ரூமே பழசாகிவிட்டதுபோல் தோன்றுவது இந்த இரண்டாலும்தான். ஆகவே முதல் செலவு இங்கே.

உப்புக் கறை என்றதும் கை ஆசிட் பாட்டிலுக்குத்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஆசிட் அதைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் டைல்ஸுக்கு இடையில் இருக்கும் சிமென்டும் கால்சியம் சேர்ந்ததுதானே! கறை எது, சிமென்ட் எது என்று ஆசிட்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கோட்டை அரித்துப் பள்ளமாக்கும், அந்தப் பள்ளத்தில் அழுக்கு இன்னும் வசதியாக உட்காரும். புகை பட்டுக் குழாய்களும் துருப்பிடிக்கும். அதைவிட ஆபத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றுவது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே உலை வைக்கும்.

சிட்ரிக் ஆசிட் தூள் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். முதலில் சுவரைப் பச்சைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள். கோடு தண்ணீரைக் குடித்திருந்தால் புளிப்பை அதிகம் இழுக்காது. பிறகு கரைசலைத் தெளித்து, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். குழாய்க்கு ஒரு துணியைக் கரைசலில் நனைத்துச் சுற்றிவிட்டால் கெட்டிப்பட்ட உப்பும் இளகிவிடும். மொசைக் தரையிலும் கடப்பா கல் திட்டிலும் மட்டும் இது படக்கூடாது. மொசைக்கில் இருக்கும் சில்லுகள் பளிங்கு, கடப்பாவோ சுண்ணாம்புக்கல் வகை. இரண்டுமே பளபளப்பு போய் வெளுத்துவிடும்.

அடுத்தது கோடு. இதைத்தான் எல்லாரும் கடந்து போகிறார்கள், எனக்கோ இதில்தான் உயிர். உடைந்த ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, பழைய பூச்சை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். கறுப்புப் பொடி உதிரும், பழைய டூத்பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மேலோட்டமாகச் சுரண்டி அதன்மேல் பூசினால் சில மாதங்களில் தோலாக உரிந்து வரும். வெறும் வெள்ளைச் சிமென்டை விட, ஹார்டுவேர் கடையில் டைல்ஸ் கிரவுட் என்று ஒரு கிலோ பாக்கெட்டாக விற்கும் பாலிமர் கலந்த பூச்சு நல்லது. பற்பசை பதத்துக்குக் குழைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி கிளறி, ரப்பர் துண்டால் கோட்டுக்குக் குறுக்காகச் சாய்த்து அழுத்துங்கள். விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும், பிழிந்த ஸ்பாஞ்சால் டைல்ஸை மட்டும் துடைத்தெடுங்கள். ஈரம் சொட்டச் சொட்டத் துடைத்தால் போட்டதெல்லாம் கரைந்து கையோடு வந்துவிடும். குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஒரே பாத்ரூம் உள்ள வீடு என்றால் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் நாளில் முடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகலாம்.

நிறம் வெளிர்சாம்பலாக இருக்கட்டும். போர் தண்ணீர் வரும் வீட்டில் வெள்ளைக் கோடு வெகு சீக்கிரம் பழுத்துவிடும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் இந்தப் பூச்சு நிற்காது, விரிசல் விடும். அங்கே பூஞ்சை பிடிக்காத சிலிக்கான்தான் சரி.

வெளிச்சத்துக்கு அதிகம் செலவில்லை. எல்ஈடி பல்பு டப்பாவில் 6500கே என்று இருந்தால் அது நீலம் தட்டிய வெள்ளை. பழைய டைல்ஸும் நம் முகமும் அதில் வெளிறித் தெரியும். 4000கே கேட்டு வாங்குங்கள். கண்ணாடியைப் பார்க்கும்போது வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து வராமல் முகத்தில் விழ வேண்டும். கண்ணாடியின் ஓரம் கறுப்பது, பின்பக்கப் பூச்சுக்குள் ஈரம் புகுவதால். புதிதாக மாட்டும்போதே வெட்டிய விளிம்பில் சிலிக்கான் தடவிவிட்டால் நெடுநாள் தாங்கும்.

அலங்காரம் என்று பார்த்தால் நம் பாத்ரூமில் பெரிய வண்ணப் பொருள்கள் பக்கெட்டும் மக்கும்தான். சிவப்பு பக்கெட், பச்சை மக், நீல ஸ்டூல், மஞ்சள் பிரஷ் என்று நாலு நிறம் தரையில் கிடக்கும்போது சுவரில் என்ன ஒட்டினாலும் எடுபடாது. நாலு சாமானையும் ஒரே நிறத்தில் வாங்குங்கள். கிழித்த ஷாம்பு சாஷேக்களையும் நாலு பழைய பிரஷ்களையும் இன்றே தூக்கிப் போடுங்கள். வாடகை வீட்டில் ஷெல்ஃப் மாட்ட வேண்டுமென்றால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, டைல்ஸில் துளை போடாமல் கோட்டில் போடச் சொல்லுங்கள். காலி செய்யும்போது அதே கிரவுட்டால் அடைத்துவிடலாம்.

அந்த டைல்ஸ் ஸ்டிக்கர் இருக்கிறதே, தண்ணீர் படாத சுவரில் மட்டும் ஒட்டலாம். குளிக்கும் இடத்தில் ஓரம் தூக்கி, பின்னால் ஈரம் தங்கிப் பூஞ்சை கட்டும். ஒரு பச்சை வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஜன்னலோரம் மணி பிளான்ட் வையுங்கள். பாட்டில் தண்ணீரில் வைத்தால் வாரம் ஒருமுறை தவறாமல் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். மண் தொட்டியில் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.