கணக்குப்பதிவியலும் இணையவழிக் கல்வியும்

வணிகத்திற்குக் கணக்கே கண். வந்தது எவ்வளவு, சென்றது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று அறியாதவன் கையில் செல்வம் நில்லாது. வெனிசு நகர வணிகர் கையாண்டு வந்த கணக்கு முறையை, இத்தாலிய அறிஞர் லூக்கா பாசியோலி 1494ஆம் ஆண்டில் தம் கணித நூலில் விளக்கினார். ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இருவகையாகப் பதிவதால், அதனை இரட்டைப்பதிவு முறை என்பர். மேல்நிலைப் பள்ளியில் நாம் பயிலும் கணக்குப்பதிவியலுக்கு அதுவே அடிப்படை.

இப்பாடத்தை வகுப்பில் ஒருமுறை கேட்ட அளவிலேயே அனைவரும் தெளிதல் அரிது. கரும்பலகையில் எழுதிய கணக்கு அழிந்த பின்னர், மாணவன் உள்ளத்தில் ஐயம் மட்டும் எஞ்சி நிற்பதுண்டு. இக்குறையைப் போக்க இணையவழிக் கல்வி துணை செய்கிறது. இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய தீக்ஷா தளத்தில் பள்ளிப் பாடங்களுக்குரிய காணொளிகள் உள்ளன. விளங்காத இடத்தில் காணொளியை நிறுத்தலாம். வேண்டியமட்டும் திரும்பக் கேட்கலாம். வீட்டில் திறன்பேசி இல்லாதோர் பள்ளிக் கணினி அறையைப் பயன்படுத்தலாம்.

ஆயினும், காண்பது வேறு, கற்பது வேறு. கரையில் நின்று பார்ப்பவனுக்கு நீச்சல் வந்துவிடுமோ? பிறர் போடும் கணக்கைக் கண்டு, அது தனக்கும் தெரியும் என்று எண்ணுவது எளிது. ஆதலால், வினா தோன்றியவுடன் காணொளியை நிறுத்துக. குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டுக்கு மாற்றி, இருப்பாய்வு தயாரித்து முடித்த பின்னரே விடையைக் காண்க. வேறுபாடு இருப்பின், அது எங்கே, ஏன் நேர்ந்தது என்று ஆராய்க.

இருப்பாய்வின் இருபுறமும் ஒத்துவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்றும் கருதலாகாது. ஒரு வணிகர் தம் கடையின் பயன்பாட்டிற்காக 5,000 ரூபாய் ரொக்கம் கொடுத்து நாற்காலிகள் வாங்கினார் எனக் கொள்வோம். அத்தொகையை அறைகலன் கணக்கில் பற்று வைக்காமல், கொள்முதல் கணக்கில் பற்று வைத்தால் என்னாகும்? கூட்டுத்தொகை இருபுறமும் ஒத்தே இருக்கும்; ஆனால் இலாபம் உண்மையினும் குறைந்து தோன்றும். இதனை விதிப்பிழை என்பர். கூட்டலைக் கணினி நொடியில் சரிபார்க்கும். நாற்காலி விற்பனைச் சரக்கா, கடையின் சொத்தா என்று பகுத்தறிவது மாணவன் கடமை. அவ்வாறு எண்ணியும் தீராத ஐயத்தைக் குறித்து வைத்து ஆசிரியரிடம் கேட்டல் வேண்டும்.

மாணவர்களே! இணையம் நல்ல துணை. எனினும், கணக்கு எழுத வேண்டிய கை நம்முடையதே. நாள்தோறும் ஒரு கணக்கையேனும் தாமே எழுதிப் பார்ப்பவர்க்கு இக்கலை கைவரும்.