பல் புதுசு... ஈறு பழசு!

"விழுந்த பல்லுக்குப் பதிலா ஸ்க்ரூ போட்டு நிரந்தரப் பல் கட்டிக்கிட்டேன் டாக்டர். இனிமே சொத்தையும் கிடையாது, கூச்சமும் கிடையாது!"

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இப்படிப் பெருமையாகச் சொல்கிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், எண்ணூர் தொழிற்சாலை ஃபோர்மேன், காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் அம்மா... மாதக்கணக்கில் சேர்த்து வைத்த பணத்தில் கட்டிக்கொண்ட பல். சந்தோஷம்தான். அவர்கள் சொல்வதும் உண்மை. செயற்கைப் பல்லில் சொத்தை விழாது. ஆனால் அதைச் சுற்றி இருக்கிற ஈறு? அது உங்களுடையதுதானே!

கயிறு இல்லாத கப்பல்

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் பொருத்தும் டைட்டானியம் திருகாணி. இந்த உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று கண்டறிந்தவர் சுவீடன் நாட்டு பிரோனேமார்க். 1965-இல் முதல் நோயாளிக்கு அதை வைத்தார். எலும்பு பிடித்துக்கொண்ட பிறகு மேலே கேப் மாட்டுவார்கள்.

எலும்பு பிடிக்கும், சரி. ஈறு பிடிக்குமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இயற்கைப் பல்லின் வேரில் நுண்ணிய நார்கள் ஊன்றி, ஈறோடும் எலும்போடும் அதை இழுத்துக் கட்டியிருக்கும். ஹார்பரில் நிற்கிற கப்பலை நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டின மாதிரி! டைட்டானியத்தில் அந்த நார்கள் ஊன்றுவதில்லை. ஈறு சும்மா சட்டைக் காலர் போலச் சுற்றி அணைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே கிருமி உள்ளே இறங்குவது சுலபம், எதிர்த்து நிற்கிற பலம் கம்மி.

வலிக்காமல் வருகிற வியாதி

முதலில் ஈறு ஓரத்தில் அழுக்கு படியும். ஈறு சிவக்கும், லேசாக வீங்கும், பிரஷ் பட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் பல் டாக்டர் சுத்தம் செய்துவிட்டு, நீங்களும் ஒழுங்காகத் துலக்கினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். விட்டுவிட்டால் அழற்சி எலும்புக்குப் போகும். சீழ் வரும், வாய் நாறும், எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. கடைசியில் திருகாணி ஆட்டம் காணும்.

இத்தனைக்கும் பெரும்பாலும் வலியே இருக்காது. "வலிக்கலையே டாக்டர்" என்று ஆறேழு மாதம் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

பொடி போட்டு அடக்காதீர்கள்!

சித்த வைத்தியன் நானே இதைச் சொல்கிறேன், கேளுங்கள். கடுக்காய், மாசிக்காய், வேலம்பட்டை எல்லாம் துவர்ப்புச் சரக்குகள். ஈறைச் சுருக்கும், ரத்தக் கசிவை அடக்கும். இயற்கைப் பல்லோ, இம்ப்ளாண்டோ, ஈறுக்கு அடியில் படிந்த காறையைக் கரைக்க அவற்றால் ஆகாது. மேலே ரத்தம் நின்றுவிடும். "சரியாயிடுச்சு" என்று நினைப்பீர்கள். அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். ரத்தம் என்பது காவல்காரன் ஊதுகிற விசில். விசிலைப் பிடுங்கிவிட்டால் திருடன் போய்விடுவானா?

பீடி, சிகரெட்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கசிவு தெரியாது, புண்ணும் ஆறாது. நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்க மாவாவும் புகையிலையும் கன்னத்தில் அதக்கும் தம்பிகளே, அது ஈறையும் அரிக்கும், வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும்.

சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் உஷார்! கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை வளர்க்கும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்கு அடங்காமல் செய்யும். இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போடும்.

சிரிப்பின் அழகும் ஈறில்தான்

முன்பல்லில் இம்ப்ளாண்ட் வைப்பவர்கள் கேப்பின் வெண்மையை மட்டுமே பார்க்கிறார்கள். ஈறு மெல்லிசாக இருந்தால் அதன் வழியே உலோகம் சாம்பல் நிழலாகத் தெரியும். ஈறு இறங்கினால் பல் நீளமாகத் தோன்றும். இரு பற்களுக்கு நடுவே நிரம்பியிருக்க வேண்டிய ஈறு முனை போய்விட்டால், அங்கே கறுப்பாக ஒரு முக்கோணச் சந்து விழும். கல்யாண போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்!

மேலண்ணத்திலிருந்து சிறிது திசு எடுத்து ஈறைத் தடிமனாக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் போன ஈறை மீட்பதைவிட இருப்பதைக் காப்பது லேசு. எனவே, "என் ஈறு தடிமனா, மெல்லிசா?" என்று பல் வைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

* இம்ப்ளாண்ட் வைக்குமுன் மற்ற பற்களின் ஈறு நோயைக் குணப்படுத்துங்கள். அந்தக் கிருமிகளே புதுப் பல்லுக்கும் குடிவரும்.
* காலை, இரவு இருவேளையும் மென்மையான பிரஷ். கேப்பும் ஈறும் சேரும் இடத்தில் குட்டி இடுக்கு பிரஷ்ஷை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஊசி, குண்டூசி கூடவே கூடாது.
* செங்கல் தூள், சாம்பல், கரித்தூள் வேண்டாம். சொரசொரப்பான பொடி கேப்பில் கீறல் போடும். கீறலில் அழுக்கு ஒட்டும்.
* நல்லெண்ணெய் கொப்பளிப்பதாக இருந்தால் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். அது பிரஷ்ஷுக்குப் பதில் ஆகாது.
* ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. புகை, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டர் சொல்கிறபடி இன்னும் சீக்கிரமாக.
* ரத்தம், சீழ், ஆட்டம்... ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே ஈறு நோய் நிபுணரிடம் போங்கள்.

தனியாரிடம் செலவழிக்க முடியவில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மின்சார ரயிலில் கடற்கரைக்கு அடுத்த ஸ்டேஷன்தான்.

இன்று இரவு பல் துலக்கும்போது கண்ணாடி முன் நின்று, உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். சிவப்பா, இளஞ்சிவப்பா? பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.