சமைக்காமல் உண்ணும் உணவு: நேரத்தை எங்கே மிச்சப்படுத்தலாம், எங்கே கூடாது?

நோயுற்றவரைப் பராமரிப்பவருக்குக் காலை நேரம் எப்போதும் போதுவதில்லை. மருந்து கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பணிக்கும் புறப்பட வேண்டும். அப்போது வெள்ளரிக்காய், கேரட், பழங்கள், முளைகட்டிய பயறு போன்று அடுப்பில் ஏற்றாமல் உண்ணும் உணவுகள் எளிதாகத் தோன்றுவது இயல்பே. காய்கறியும் பழமும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதில் ஒரு பகுதி பச்சையாக இருப்பது நல்லதே.

ஆனால், வேகவைக்கும் உணவில் உள்ள கிருமிகளை வெப்பம் அழித்துவிடும். பச்சை உணவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நன்கு கழுவினாலும் கிருமிகள் குறையுமே தவிர, முற்றிலும் நீங்கா. எனவே வேலைகளைத் திட்டமிட்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள். தூய்மையைக் குறைத்து மிச்சப்படுத்தாதீர்கள்.

யாருக்குப் பச்சை உணவு பொருந்தாமல் போகலாம்?

புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், கருவுற்ற பெண்கள், முதியோர், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரைக் கிருமித்தொற்று எளிதில் தாக்கும். இவர்கள் முளைகட்டிய பயறைப் பச்சையாக உண்ணக் கூடாது. மற்ற பச்சை உணவுகள் குறித்துச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். காய்களை நறுக்கி இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைப்பது இவர்களுக்குப் பாதுகாப்பானது. அதற்கு அதிக நேரமும் ஆகாது.

சிறுநீரக நோயாளிகள், எவ்வளவு பழமும் காயும் உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அவற்றிலுள்ள பொட்டாசியம் சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். வார்ஃபரின் மருந்து உட்கொள்வோர், உண்ணும் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

முந்தைய நாளே செய்யக்கூடியவை

• கொத்தமல்லி, புதினா ஆகியவற்றின் அழுகிய இலைகளையும் வேரையும் நீக்கி, காகிதத்திலோ உலர்ந்த துணியிலோ சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் கழுவினால் போதும்.
• கேரட், குடைமிளகாய் போன்றவற்றை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முழுதாகவே மூடிய பாத்திரத்தில் வையுங்கள். ஈரத்துடன் வைத்தால் விரைவில் கெடும்.
• காலையில் தேவைப்படும் கத்தி, பலகை, துருவி, பாத்திரம் ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவி உலர வைத்துவிடுங்கள்.
• பாசிப்பருப்புக் கோசம்பரி செய்வதாயின், காலையில் எழுந்தவுடன் பருப்பை ஊற வையுங்கள். மற்ற வேலைகள் முடிவதற்குள் ஊறிவிடும்.

உண்ணும் வேளைக்கு விடவேண்டியவை

நறுக்குவதையும் துருவுவதையும் உண்பதற்குச் சற்று முன் செய்யுங்கள். தோல் வெட்டுப்பட்டதும் கிருமிகள் பெருக ஏற்ற ஈரமும் சாறும் வெளிப்படுகின்றன. வைட்டமின் சி-யும் குறையத் தொடங்குகிறது. முன்கூட்டியே நறுக்கியே ஆகவேண்டும் எனில், உடனே மூடி, 5 டிகிரி செல்சியசுக்குக் குறைவான குளிரில் வைத்து, அன்றே உண்டுவிடுங்கள். வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததை உண்ண வேண்டாம். மின்தடையின்போது பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் மின்சாரம் வராவிடில் நறுக்கிய உணவை அகற்றிவிடுங்கள்.

முளைகட்டிய பயறு

பயறு முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் ஏற்றவை. 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெந்தய முளைகளின் வழியே பரவிய ஒருவகை ஈ.கோலை கிருமியால் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயறை முளைகட்டும்போது கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்; துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் அலசுங்கள். முளைத்ததும் குளிரில் வைத்து, நன்றாக வேகவைத்து உண்பதே அனைவருக்கும் பாதுகாப்பானது.

ஒருபோதும் குறைக்கக் கூடாதவை

1. சமைக்கத் தொடங்குமுன் சோப்பிட்டு 20 விநாடி கைகழுவுதல். நோயாளியின் படுக்கையையோ கழிவையோ தொட்டபின் இது இன்றியமையாதது.
2. தோல் நீக்கி உண்ணும் காயையும் பழத்தையும் முதலில் கழுவுதல். கழுவாமல் வெட்டினால் தோலிலுள்ள கிருமியைக் கத்தியே உள்ளே கொண்டு செல்லும்.
3. மீன், இறைச்சி நறுக்கிய அரிவாள்மனையையும் பலகையையும் பச்சைக் காய்க்குப் பயன்படுத்தாமை. ஒன்றுதான் உள்ளது எனில், காயை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிடுங்கள்.
4. கீரைகளையும் அருகம்புல்லையும் பலமுறை நீர் மாற்றி அலசுதல். கழிவுநீர் பாயும் இடத்தில் வளர்ந்தவற்றில் நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம். அவை மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடும். எங்கு வளர்ந்தது எனத் தெரியாத அருகம்புல்லைச் சாறாக அருந்த வேண்டாம்.

உப்பு, மஞ்சள் கலந்த நீர் பூச்சிகளை அகற்ற உதவும். கிருமிகளை முற்றிலும் அழிக்காது. காய்கறிகளைச் சோப்பினால் கழுவக் கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தபடி உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் அது அவசர நிலை. காலை வரை காத்திராமல், இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நேரம் அறவே இல்லாத நாளில், நன்கு கழுவிய ஒரு வாழைப்பழமோ ஆரஞ்சோ தோலுரித்துக் கொடுத்தாலே போதுமானது. அவசரத்தில் கழுவாமல் நறுக்கிய காய்க்கலவையைவிட அது மேலானது.