நிறம் போனால் உப்பும் போகுமா?

சாயப்பட்டறைக் கழிவைச் சுத்திகரித்த தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறதே, அதைப் பாசனத்துக்கு எடுக்கலாமா? நொய்யல் பக்கம் இந்தக் கேள்வி இன்றும் எழுகிறது. பாசனத்துக்காக 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியதை மறக்க முடியுமா? கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால், ஒரு லிட்டர் சாயக் கரைசலுக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். துணி சாயத்தைத்தான் பிடிக்கும். உப்பு அப்படியே கழிவோடு வந்துவிடும். உப்பு மிகுந்தால் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடும். அதனால்தான் வினையூக்கி முறைக்குப் போகிறார்கள். புளிப்பேற்றிய கழிவில் இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்ப்பது அதில் பழைய முறை. இரும்பு தூண்டிவிட, பெராக்சைடு உடைந்து மிக வீரியமான துகள்கள் பிறக்கும். அவை சாயத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். நிறம் மறைந்துவிடும்.

இதில் இரண்டு சிக்கல். குளோரைடு குறுக்கே புகுந்து அந்தத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். பெராக்சைடு செலவு கூடும், சில சமயம் குளோரின் சேர்ந்த நச்சுப் பொருள்களும் உருவாகும். நமக்கு முக்கியமானது அடுத்தது: எந்த வினையூக்கியும் உப்பை அழிக்காது. உப்பைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும், தண்ணீரை ஆவியாக்கும் கொதிகலனும் வேண்டும். மின்சாரமும் விறகும் தின்னும் வேலை. திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் ஆசை இங்கேதான் பிறக்கிறது.

ஆலைக் கழிவில் கரைந்த உப்புக்கு அனுமதித்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நம்பி மடை திறக்காதீர்கள். அது ஆலைக்கான கணக்கு. மின் கடத்துத்திறனாகப் பார்த்தால் 3 டெசிசைமனைத் தாண்டும். அந்த அளவில் பருத்தி, தென்னை ஓரளவு தாங்கும். வெங்காயமும் பீன்ஸும் தாங்காது.

கிணற்றில் சந்தேகம் இருந்தால், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின் கடத்துத்திறன், குளோரைடு, சோடியம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பார்ப்பது நல்லது. சோடியம் மிகுந்து மண் இறுகியிருந்தால் ஜிப்சம் உதவும். வெறும் உப்பு ஏறிய நிலத்துக்கு அதைக் கொட்டுவது காசுக்குக் கேடு. அங்கே நல்ல தண்ணீர் கட்டி, வடிகால் வெட்டி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.