மாதவிடாய் நின்ற பின் எலும்பு: ஓமோன் குளிசை எடுக்கலாமா?

கிணற்றடியில் வழுக்கிய ஓர் அம்மா விழாமலிருக்கக் கையை ஊன்றுகிறார். மணிக்கட்டு முறிந்துவிடுகிறது. "வயது போனால் அப்படித்தான்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். வயது மட்டும் காரணமல்ல.

எலும்பு உயிருள்ளது. பழையது கரைவதும் புதியது படிவதும் வாழ்நாள் முழுவதும் நடக்கின்றன. பெண்களின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் அந்தக் கரைதலை அடக்கி வைத்திருக்கிறது. ஐம்பது வயதளவில் மாதவிடாய் நிற்க, அச்சுரப்பும் வற்றுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு விரைவாகத் தேய்கிறது. நோவு இராது, முறிந்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். அமெரிக்க வைத்தியர் புல்லர் அல்பிறைற் இத்தொடர்பை 1940களிலேயே எடுத்துக் காட்டினார்.

குறைந்துபோன ஓமோனைக் குளிசையாகக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் பல இலட்சம் பெண்கள் எடுத்தார்கள். (அங்கு பேர்போன குளிசை, சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது!) ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் கூடுவது 1975இல் தெரியவந்தது. எனவே கருப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு ஓமோனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அந்தக் கூட்டுக் குளிசையை அங்கு 16,608 பெண்களிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் குளிசை. 2002 யூலையில், குறித்த காலத்துக்கு முன்பே சோதனை நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. ஆனால் மார்புப் புற்றுநோய் 8, பாரிசவாதம் 8, மாரடைப்பு 7, நுரையீரலில் இரத்தக்கட்டி 8 என்று கூடின.

எலும்புக்கு நல்லதுதான், விலைதான் பெரிது. எனினும் அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதை மறக்கக்கூடாது. அறுபதுக்குக் குறைந்தவர்களுக்கு, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டு ஆகாதவர்களுக்கு, ஆபத்துக் குறைவு என்று பின்னர் தெளிவாயிற்று. உடற்சூடும் வியர்வையும் தாங்கமுடியாதவர்களுக்கு இன்று வைத்தியர்கள் இதைக் கொடுக்கிறார்கள். எலும்பும் கூடவே காக்கப்படுகிறது. சத்திரசிகிச்சையில் இரு சூலகங்களையும் இளவயதில் இழந்தவர்கள் இதுபற்றி வைத்தியரிடம் கட்டாயம் கேட்கவேண்டும். குளிசையை நிறுத்தினால் எலும்புக்குள்ள காவலும் போய்விடும். எலும்புக்கு மட்டுமென்றால் அலென்றோனேற் போன்ற வேறு மருந்துகள் உண்டு.

அயலவர் எடுக்கிறார் என்று நீங்களும் மருந்துக்கடையில் வாங்கி விழுங்காதீர்கள். மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, ஈரல் நோய் வந்திருந்தால், அல்லது மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால், முதலில் அதைச் சொல்லுங்கள்.

நிவாரண அரிசியும் பருப்பும் மாவுமாய் ஆண்டுகளைக் கழித்த தாய்மார் எம்மிடையே பலர். அவற்றில் கல்சியம் சொற்பம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முள்ளோடு தின்னும் நெத்தலி, எள்ளு, தயிர், முருங்கையிலை என்பனவும் நல்லவை. ஒரு முருங்கைத் தடியை ஊன்ற வளவு சொந்தமாயிருக்க வேண்டியதில்லை. தோட்ட வேலையும் நடையும் எலும்புக்கு உரம். வெயில் பட்டால் விற்றமின் டி கிடைக்கும்.

விழாமல் பார்ப்பதும் மருந்துதான். கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் கிடக்கும் கூடாரக் கயிறுகளை ஒதுக்கிக் கட்டி, இரவில் அம்மாவின் தலைமாட்டில் ஒரு ரோச் லைற் வைத்துவிடுங்கள்.